பவர் ஆகாத லேப்டாப் போர்டு: 19 வோல்ட் நின்ற இடமும் நின்ற காரணமும்

இந்த லேப்டாப் என் மேசைக்கு வந்தபோது அதில் உயிர் இருப்பதற்கான எந்த அறிகுறியும் இல்லை. அடாப்டரைச் செருகினால் சார்ஜ் விளக்கு எரியவில்லை, பவர் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் விசிறி ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டுவது, ராமை எடுத்துத் துடைத்துப் போடுவது, வேறு அடாப்டர் போட்டுப் பார்ப்பது என்று வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் உரிமையாளரே செய்து முடித்திருந்தார். அதனால் அவரிடம் நான் கேட்டது இரண்டே கேள்விதான். கடைசியாக ஓடியபோது என்ன நடந்தது? அதற்கு முன்னால் யாராவது இதைத் திறந்தார்களா?

விசிறி சத்தம் போடுகிறது என்று ஒருமுறை திறந்து தூசி தட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பத்து நாள் போல நன்றாக ஓடியது. ஒருநாள் மடியில் வைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்துவிட்டது. பிறகு பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் மாஸ்ஃபெட்டையும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் மாதிரியான பாகம்) அதை இயக்கும் சார்ஜர் ஐசி என்ற சிப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, போர்டையே மாற்ற வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையில் தூசி தட்டியது, மடியில் வைத்திருந்தது, ஐசி மாற்றியது என்று மூன்று இடங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. கடைசியில் மூன்றுக்குமே வேலை இருந்தது.

அளக்க ஆரம்பிக்கும் முன் மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தம் இருக்காது. உருண்டை முனை அடாப்டர் போடும் லேப்டாப்களில் 19 அல்லது 19.5 வோல்ட் உள்ளே வந்ததும் நேராகப் போர்டு முழுவதற்கும் போய்விடாது. வாசலிலேயே இரண்டு மாஸ்ஃபெட்கள் வரிசையாக நிற்கும். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் சார்ஜர் ஐசி. அதைத் தாண்டி, கரண்டை அளப்பதற்காக வைத்திருக்கும் சின்ன மின்தடை கொண்ட ரெசிஸ்டர் ஒன்று, அதற்கப்புறம்தான் மெயின் ரெயில், அதாவது போர்டு முழுவதற்கும் மின்சாரம் பிரிந்து போகும் பொது வழி. அங்கிருந்துதான் 3.3 வோல்ட், 5 வோல்ட், மெமரிக்கு 1.2 வோல்ட், பிராசஸருக்கு அதைவிடக் குறைந்த வோல்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி காயில் (கம்பிச் சுருள்) வழியாக இறங்கி வரும். 3.3 வந்தால்தான் பவர் பட்டனைக் கவனிக்கும் எம்பெடெட் கன்ட்ரோலர் விழிக்கும். அது விழிக்காதவரை பட்டனை அழுத்துவதில் பலன் இல்லை.

பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டுத்தான் மீட்டரை வைத்தேன். இதை யாரும் மறக்கக் கூடாது. பேட்டரி மாட்டியிருக்கும் போர்டில் மீட்டர் முனை ஒருமுறை வழுக்கினால் இருக்கிற பழுதோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும்.

அடாப்டருக்குப் பதிலாகப் பெஞ்ச் பவர் சப்ளையில் (வோல்ட்டையும் கரண்டையும் நாமே வைத்துக்கொள்ளும் மேசைக் கருவி) 19 வோல்ட் வைத்து, கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியருக்குக் கீழே இறக்கிக் கொடுத்தேன். அதன் கரண்ட் எண் 0.001 ஆம்பியரில் அசையாமல் நின்றது. முதல் மாஸ்ஃபெட்டின் அடாப்டர் பக்கம் 19 வோல்ட், இரண்டாவதைத் தாண்டி 0. பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளும் பையன் உடனே சொன்னான், "அண்ணா, மாஸ்ஃபெட் தான் போயிருக்கு, அவங்க போட்டது டூப்ளிகேட்டா இருக்கும்." அவன் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏற்கெனவே மாற்றியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் மாஸ்ஃபெட் வழி விடவில்லை என்றால் அது கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. அது ஒரு கதவு, திறக்கச் சொல்பவர் வேறு. சொல்பவர் ஏன் சொல்லவில்லை என்று பார்க்காமல் கதவை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் மூடியே இருக்கும்.

"அந்தப் பக்கம் கிரவுண்டுக்கு எவ்வளவு காட்டுது பாருடா" என்றேன். சப்ளையை எடுத்துவிட்டு மெயின் ரெயிலில் ஒரு முனை, கிரவுண்டோடு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொதுத் தளத்தோடு, இணைந்த திருகு ஓட்டையில் ஒரு முனை வைத்தான். 0.3 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டாலே 0.2 காட்டும் மீட்டர் அது. ஆக ரெயிலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு கம்பி போட்ட மாதிரி நேரடி ஷார்ட். நல்ல போர்டில் இந்த இடத்தில், மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆக ஆக எண் ஏறிக்கொண்டே போய் பல ஆயிரம் ஓமில் போய் நிற்க வேண்டும்.

சரி, ஷார்ட் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, வோல்டேஜ் கொடுத்து எது சுடுகிறது என்று பார்த்துவிடலாம் என்று பலர் இங்கே கையை நீட்டிவிடுவார்கள். நான் இங்கே கட்டாயம் நிறுத்துவேன். பிராசஸருக்கு வோல்டேஜ் தயாரிக்கும் பகுதியில் மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட் என்று ஜோடியாக இருக்கும். மேலே இருப்பதன் ஒரு கால் மெயின் ரெயிலில், இன்னொரு கால் காயிலில். அந்த மேல் மாஸ்ஃபெட் உள்ளுக்குள் ஒட்டிப்போயிருந்தால் மெயின் ரெயிலில் நாம் கொடுக்கும் வோல்டேஜ் காயில் வழியாக நேராகப் பிராசஸருக்குப் போகும். 1 வோல்ட்டுக்கு அங்கே இங்கே வேலை செய்யும் ஒரு சிலிக்கான் துண்டுக்கு 19 வோல்ட் கொடுத்தால் அதோடு முடிந்தது, பிறகு போர்டைச் சரி செய்து பயன் இல்லை. ஆகவே ஷார்ட் எந்த வகை என்பதை மீட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பவரைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு காயிலிலிருந்தும் கிரவுண்டுக்கு அளந்தோம். 3.3 காயிலும் 5 காயிலும் ஆயிரக்கணக்கில் காட்டின. மெமரி காயிலில் நூற்றுச் சொச்சம். பிராசஸர் காயிலில் 4.2 ஓம். பையன் முகம் மாறிவிட்டது, ஏனென்றால் மீட்டரைக் கண்டின்யூட்டியில் (மின்தடை குறைவாக இருந்தால் சத்தம் போடும் நிலையில்) வைத்தால் அந்த இடம் பீப் அடிக்கும், பீப் அடித்தால் ஷார்ட் என்று அவன் படித்திருக்கிறான். பிராசஸர் காயிலில் சில ஓம் இருப்பது இயல்பு. உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் காட்டும். இந்த ஒரு பீப்பை நம்பி நல்ல பிராசஸரைக் கெட்டது என்று முடிவு கட்டிய போர்டுகள் என் கைக்கு வந்திருக்கின்றன, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த 4.2 இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. மேல் மாஸ்ஃபெட் மட்டும் ஒட்டிப்போயிருந்தால் மெயின் ரெயிலும் ஏறத்தாழ அதே 4 ஓமைக் காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் கிரவுண்டுக்குப் போகும் வழி பிராசஸர் வழியாகத்தானே. இங்கே ரெயில் காட்டுவதோ மீட்டர் முனைகளின் மின்தடையைக் கழித்தால் 0.1. இது பிராசஸர் பக்கம் போகாமல் நேராகக் கிரவுண்டில் விழும் ஷார்ட். உறுதிக்காக மெயின் ரெயிலிலிருந்து ஒவ்வொரு காயிலுக்கும் அளந்தோம், எதிலும் பூஜ்யம் இல்லை. இப்போது வோல்டேஜ் கொடுக்கலாம், அப்போதும் 19 அல்ல, 1 வோல்ட்தான்.

சப்ளையில் 1 வோல்ட், 3 ஆம்பியர் லிமிட் வைத்து, கரண்ட் அளக்கும் ரெசிஸ்டரின் போர்டுப் பக்க முனையில் சிவப்பையும் திருகு ஓட்டையில் கருப்பையும் கொடுத்தேன். உடனே 3 ஆம்பியரை முழுசாக இழுத்தது. போர்டின் மேல்பக்கம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிசாகப் பூசிவிட்டு எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்த்தோம். எல்லா இடமும் ஒரே மாதிரி காய்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாலும் ஒரு இடமும் தனியாகச் சுடவில்லை. ஷார்ட் முழுமையாக இருந்தால் இப்படி ஆகும். வெப்பம் என்பது அந்த இடத்தில் விழும் வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கினால் வருவது. ஷார்ட்டின் குறுக்கே விழுவது 50 மில்லிவோல்ட் என்றால் 3 ஆம்பியரில் 0.15 வாட்தான், அதையும் பக்கத்தில் இருக்கும் செம்புத் தளம் இழுத்துப் பரப்பிவிடும். தெர்மல் கேமரா இருந்தால் இதையும் பிடித்துவிடலாம். இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்த வழியும்கூட.

கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ரெயிலில் இருக்கும் ஒவ்வொரு பெரிய கெபாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்துகொண்டே போக வேண்டும். கரண்ட் போகிற வழியெல்லாம் செம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் குறையும், அதனால் ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் இறங்கிக்கொண்டே வரும். கருப்பு முனையை ஒரே இடத்தில் ஊன்றிவிட்டுச் சிவப்பை மட்டும் நகர்த்துவதைவிட கெபாசிட்டரின் குறுக்கே அளப்பது நல்லது, ஏனென்றால் கிரவுண்டிலும் இழப்பு இருக்கிறது, அதுவும் கணக்கில் வந்துவிடும்.

கரண்ட் கொடுத்த இடத்துக்குப் பக்கத்தில் 74.2 மில்லிவோல்ட். சார்ஜர் காயில் பக்கம் 69. பிராசஸர் பகுதிக்குப் போனால் 63.5, அதற்குள் ஐந்தாறு கெபாசிட்டர்கள், எல்லாமே அதே 63.5. ஒரு பகுதி முழுவதும் எண் மாறாமல் இருந்தால் அங்கே கரண்ட் ஓடவே இல்லை, அந்தக் கிளையை விட்டுவிடலாம். 5 வோல்ட் பகுதியில் 61. மெமரி காயில் பக்கம் வந்தபோது 57, அதற்கு அடுத்தது 55.8. மேல்பக்கத்தில் அதற்கு மேல் இறங்கவில்லை. அப்படியென்றால் அதே இடத்தில் போர்டின் அடிப்பக்கம்.

போர்டைக் கழற்றித் திருப்பினோம். அந்த இடத்தின் மேல் கருப்புப் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது கெபாசிட்டர் அல்ல, பச்சைப் பூச்சில் ஒரு வட்டத் தடம். பேனா முனையை அழுத்தித் திருகினால் காகிதத்தில் விழுமே, அந்த மாதிரி ஒரு சின்னக் குழி, சுற்றிலும் பூச்சு வெளுத்திருந்தது. பிளாஸ்டிக் தாளிலும் அதற்கு நேராக ஒரு வளையம். குழியிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி பழுப்பு நிறத்தில் ஒரு செராமிக் கெபாசிட்டர். அதன் குறுக்கே அளந்தால் 48.1. பக்கத்தில் இருந்ததில் 52. அதுதான்.

அந்தப் பகுதி கிரவுண்டோடு அகலமாக இணைந்திருந்ததால் ஒரே சால்டரிங் அயர்ன் போதவில்லை. இரண்டு முனையிலும் இரண்டு அயர்ன் வைத்து, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, அலுங்காமல் எடுத்தேன். எடுத்த கையோடு ரெயிலில் மீட்டர் வைத்தால் எண் ஏற ஆரம்பித்தது, 20 ஆயிரம், 50 ஆயிரம் என்று போய்க்கொண்டே இருந்தது. கழற்றிய கெபாசிட்டரைத் தனியாக அளந்தால் 0.2, அதாவது முனைகளின் மின்தடை மட்டும்தான். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடியில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோதுதான் உலோக முனை முடியும் இடத்திலிருந்து சாய்வாக மேலே போகும் முடி அளவு விரிசல் தெரிந்தது. போர்டு வளைவதால் உடையும் செராமிக் கெபாசிட்டரின் அடையாளம் இதுதான். செராமிக் அடுக்குகள் வளைந்து கொடுக்காது, போர்டு வளைந்தால் அவை உடையும். உடைந்த அன்றே ஷார்ட் ஆக வேண்டும் என்றும் இல்லை. அடுக்குகளுக்கு நடுவே விரிசல் வழியாக ஈரமும் உலோகமும் மெல்ல வழி தேடி, கடைசியில் ஒருநாள் ஒரு சின்ன அசைவில் இரண்டு தகடுகளும் சேர்ந்துவிடும். பத்து நாள் நன்றாக ஓடியதும், மடியில் வைத்திருந்தபோது அணைந்ததும் இதனால்தான்.

குழி எப்படி வந்தது என்பதற்கு அடிமூடியை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு அளவில் திருகுகள், பின்வரிசைக்கு நீளம், முன்வரிசைக்குக் குட்டை. குழிக்கு நேரான ஓட்டை முன்வரிசை, அதில் இருந்ததோ நீளத் திருகு. மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திருகை முழுக்க முறுக்கினால் உட்பக்கம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மேலே போர்டு இருந்தால் அதைத்தான் குத்தும். தூசி தட்டிய அன்று திருகுகள் கலந்துபோயிருக்கின்றன. லேப்டாப்பைத் திறப்பவர்கள் திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு காகிதத்தில் குத்தி வையுங்கள், இரண்டு நிமிஷ வேலை அது.

இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் மறுபடி 19 வோல்ட் கொடுத்தேன். அதே 0.001 ஆம்பியர். இரண்டாவது மாஸ்ஃபெட்டைத் தாண்டி அதே 0.

அப்போதுதான் முதலில் பார்த்த எண்ணை யோசித்தேன். ரெயில் ஷார்ட்டாக இருந்தால் பல சார்ஜர் ஐசிகள் கதவைத் திறந்து பார்த்து, கரண்ட் எகிறுகிறது என்று மூடி, மறுபடி திறந்து பார்க்கும். சப்ளையின் எண் துள்ளும். இது தொடக்கத்திலிருந்தே துள்ளவில்லை. அதாவது ஐசி ஒருமுறைகூடத் திறக்க முயலவில்லை. இன்னொரு பழுது இருக்கிறது என்று அந்த எண் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டது, பெரிய ஷார்ட் கிடைத்ததும் நான் அதை விட்டுவிட்டேன்.

சார்ஜர் ஐசியைச் சுற்றிப் பழைய ஃப்ளக்ஸ் (ஈயம் பற்றுவதற்குப் போடும் பசை) பழுப்பாகக் காய்ந்திருந்தது, மாற்றியவர்கள் சுத்தம் செய்யவில்லை. ஐசிக்கு வர வேண்டிய 19 வோல்ட் வருகிறது. அடாப்டர் வந்திருக்கிறதா என்று பார்க்கும் காலில் மட்டும் 0. அந்தக் காலுக்கு 19 வோல்ட்டை நேராகக் கொடுப்பதில்லை, இரண்டு ரெசிஸ்டரால் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். இந்தப் போர்டின் ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) மேலே 430 கிலோ ஓம், கீழே 66.5 கிலோ ஓம். காலில் 2.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அடாப்டர் சரியானது என்று ஐசி ஏற்றுக்கொள்ளும். 19 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 2.54 வர வேண்டும். ஆல்கஹாலும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து ஃப்ளக்ஸை எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. மேல் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் பேட்கள், அதாவது பாகத்தை ஈயம் வைத்து ஒட்டும் உலோகத் தடங்கள். ஐசியை ஹாட் ஏரில் எடுக்கும்போது காற்றின் வேகம் அதிகமாக இருந்திருக்கிறது, அரிசி நுனி அளவுகூட இல்லாத அந்த ரெசிஸ்டர் பறந்துபோயிருக்கிறது. முதல் பழுதைத் தேடாமல் செய்த மாற்றம், இரண்டாவது பழுதாகிவிட்டது. ஒருவேளை அவர்கள் பின்னால் அந்தக் கெபாசிட்டரைக் கண்டுபிடித்து எடுத்திருந்தாலும் போர்டு எழுந்திருக்காது, ஷார்ட்டும் போய்விட்டது, எல்லாம் மாற்றியாகிவிட்டது, இன்னும் வரவில்லை, இது தேறாது என்றுதான் தோன்றியிருக்கும்.

கீழ் ரெசிஸ்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று அளந்துகொண்டு, பழைய போர்டு ஒன்றிலிருந்து 430 கிலோ ஓம் எடுத்து வைத்தேன். அவர்கள் போட்ட ஐசியின் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியான ஐசிதான், மாஸ்ஃபெட்களும் நன்றாகவே இருந்தன. கழற்றிய கெபாசிட்டருக்குப் பதில் அதே 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றையும் போட்டேன். அது இல்லாமலே போர்டு ஓடும், பக்கத்தில் அதே ரெயிலில் இன்னும் சில இருக்கின்றன. அப்படியே மூடிக் கொடுப்பவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. மெமரிக்கு வோல்டேஜ் தயாரிக்கும் ரெகுலேட்டரின் மேல் மாஸ்ஃபெட் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும்போது கேட்கும் கரண்டைப் பக்கத்திலிருந்தே கொடுப்பது இந்தக் கெபாசிட்டர்தான். தவிர, செராமிக் கெபாசிட்டரில் 10 என்று எழுதியிருந்தாலும் 19 வோல்ட் ஏறி நிற்கும்போது அதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஏற்கெனவே குறைந்து நிற்பதில் ஒன்றை எடுத்தால் மீதி இருப்பவைமேல் சுமை ஏறும்.

மறுபடி 19 வோல்ட், லிமிட் 0.5. சார்ஜர் ஐசியின் காலில் 2.54. எண் ஒரு துள்ளு துள்ளி 0.02 ஆம்பியரில் நின்றது. மெயின் ரெயிலில் 19, அடுத்து 3.3, அடுத்து 5. லிமிட்டை 3 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டுப் பவர் பட்டனை அழுத்தச் சொன்னேன். 0.08, 0.3, 0.9 என்று படிப்படியாக ஏறியது, விசிறி சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. அரை நிமிஷம் ஆனதும் பையன் பட்டனை அழுத்தி அணைக்கப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். போர்டைக் கழற்றும்போது சிறிய பட்டன் பேட்டரியையும் எடுத்திருந்தோம், அதனால் பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து, மெமரியை முதலிலிருந்து பழக்கிக்கொண்டு வர நேரம் எடுக்கும். கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்வரை உள்ளே ஏதோ நடக்கிறது என்று விட்டுவிட வேண்டும். முக்கால் நிமிஷம் தாண்டித் திரை வெளிச்சம் வந்தது, தேதி தவறு என்ற செய்தியோடு.

அப்புறம் பேட்டரியை மாட்டி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தோம், ஏறியது. பிராசஸரை முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, நடுநடுவே அந்த மூலையை லேசாக அழுத்தியும் பார்த்தோம், அணையவில்லை. அடிமூடியை மாட்டும்போது முன்வரிசை ஓட்டைக்குச் சரியான குட்டைத் திருகு பெட்டிக்குள் தேடிப் போட்டேன். கலந்துபோன அந்த நீளத் திருகு பின்வரிசையில் காலியாக இருந்த ஓட்டைக்குப் போனது.